கிணத்து முறையும் லாங்குவேஜ் சர்வரும்

எங்க மேட்டுக்காட்டுக் கிணத்துல நாலு பங்கு. தாத்தா வெட்டின கிணறு. பாகம் பிரிக்கும்போது நிலத்தை நாலாப் பிரிச்சுட்டாங்க, கிணத்தைப் பிரிக்க முடியாதில்லையா? அதனால பெரியப்பா, எங்கப்பா, ரெண்டு சித்தப்பா, நாலு பேருக்கும் தண்ணியில முறை வச்சாங்க. ஒரு மோட்டார், ஒரு கரண்ட் சர்வீஸ். ஒருத்தருக்கு 6 மணி நேரம். நாலு பேரும் பாய்ச்சி முடிச்சா 24 மணி நேரம், அது ஒரு சுத்து. பெரம்பலூர் மாவட்டத்துல எங்க பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்னு எது வச்சாலும் இந்த முறைக்குள்ளதான் வச்சாகணும்.

கேக்க சுலபமா இருக்கும். ஆனா இந்த 6 மணி நேரம் கடிகாரத்து 6 மணி நேரம் கிடையாது, மோட்டார் ஓடுற 6 மணி நேரம். மும்முனை கரண்ட் நடுவுல நின்னா கணக்கும் நிக்கணும், திரும்ப வந்தா விட்ட இடத்துல இருந்து ஓடணும். கிணத்துல தண்ணி கீழே போய் மோட்டாரை நிறுத்தினாலும் அப்படித்தான். அந்தக் காலத்துல மோட்டார் கொட்டகைச் சுவத்துல கரியால எழுதி வைப்பாங்க. "நேத்து ராத்திரி ஒண்ணரை மணி நேரம்தான் ஓடுச்சு", "இல்லை, ரெண்டு மணி நேரம் ஓடுச்சு"ன்னு வர்ற சண்டையில பேச்சுவார்த்தை நின்ன பங்காளிங்க எல்லா ஊர்லயும் உண்டு. எங்க ஊர்லயும் உண்டு.

2020 ஊரடங்குல சின்ன சித்தப்பா மகன் வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கிட்டிருந்தான். ராத்திரியில சும்மா இருக்காம கொட்டகையில ஒரு ராஸ்பெர்ரி பை போர்டை மாட்டி, பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதினான். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு அது எண்ணும். முறை முடிஞ்சா ஸ்டார்ட்டருக்குப் போற ரிலேயை விட்டு மோட்டாரை நிறுத்தும். அடுத்த ஆளுக்கு எஸ்எம்எஸ் போகும். அதுக்கப்புறம் மணிக்கணக்குச் சண்டை எங்க கிணத்துல நடக்கலை. மறுபடி கம்பெனி கூப்பிட்டதும் தம்பி பெங்களூர் போயிட்டான். புரோகிராம் மட்டும் கொட்டகையில ஓடிக்கிட்டே இருந்துச்சு.

போன மாசம் பெரியப்பா காலமானார். கருமாதி முடிஞ்சு பத்து நாள் கழிச்சு, அவர் பங்கு ரெண்டு மகன்களுக்கும் சரிபாதின்னு முடிவாச்சு. பெரியண்ணன் ஊர்லயே விவசாயம் பார்க்கிறார். சின்னண்ணன் திருப்பூர்ல இருக்கார், காட்டைக் குத்தகைக்கு விடப்போறார். ஆக கிணத்துக்கு இனிமே நாலு பங்கு, அஞ்சு ஆள். புரோகிராமுக்கு அஞ்சு ஆள் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நாலு ஆள், ஆளுக்கு 6 மணி நேரம்.

தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணே, அதுல எங்க என்ன எழுதினேன்னு எனக்கே மறந்து போச்சு. லேப்டாப்புக்கு காப்பி பண்ணி, லாங்குவேஜ் சர்வர் செட் பண்ணிக்கங்க. எது எங்க இருக்குன்னு அதுவே காட்டும்"னான். நான் எட்டு வருஷம் சென்னையில டெஸ்டிங் வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்தவன். கோடு பார்த்தா பயம் கிடையாது. ஆனா அடுத்தவன் எழுதின 900 வரி, ஆறு ஃபைல். வெங்காயம் நட்டு இருபது நாள் ஆன காடு வெளியில தண்ணிக்குக் காத்துக்கிட்டிருக்கு.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஐடியில இருக்கீங்க, உங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன்.

சர்வர்னு சொன்னதும் எங்கேயோ ஏசி ரூம்ல இருக்கிற பெரிய மெஷின்னு நினைக்க வேண்டாம். லாங்குவேஜ் சர்வர்ங்கிறது உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுற ஒரு சின்ன புரோகிராம். கோடு எழுதுற எடிட்டருக்கு எழுத்துதான் தெரியும், மொழி தெரியாது. "இந்தப் பேரை முதல்ல எங்க சொல்லியிருக்கு? வேற எங்கெல்லாம் வருது? இந்த ஃபங்ஷன் என்ன கேட்குது, என்ன தருது?" இதெல்லாம் தெரிஞ்சது லாங்குவேஜ் சர்வர். எடிட்டர் கேட்கும், இது பதில் சொல்லும். ரெண்டும் பேசிக்கிறது ஜேசன் வடிவத்துல. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னாடி அது எத்தனை பைட் நீளம்னு ஒரு வரி, அப்புறம் தகவல். எடிட்டர் முதல்ல "நான் இன்ன இன்ன செய்வேன், நீ என்னென்ன செய்வே?"ன்னு விசாரிக்கும். அறிமுகம் முடிஞ்சதும் "இந்த ஃபைலைத் திறந்தேன்", "இந்த வரியை மாத்தினேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். சர்வர் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு, தப்பாத் தெரியுறதுக்குக் கீழே கோடு போடச் சொல்லும்.

இந்தப் பேச்சு முறைக்குப் பேரு லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், சுருக்கமா எல்எஸ்பி. விஎஸ் கோடுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கினது. 2016 ஜூன்ல ரெட் ஹேட், கோட்என்வி ரெண்டு கம்பெனியோட சேர்ந்து பொதுவுக்குக் கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா வேலை நடந்துச்சு. 5 எடிட்டர், 20 மொழின்னா 100 இணைப்பு எழுதணும். இப்ப எடிட்டர் பக்கம் 5, மொழி பக்கம் 20, மொத்தம் 25 போதும். நம்ம பக்கத்துல சொல்லணும்னா பைப் அளவு மாதிரி. மோட்டார் எந்தக் கம்பெனியா இருந்தாலும் டெலிவரி ரெண்டரை இஞ்ச்னா ரெண்டரை இஞ்ச் பைப் மாட்டும். கம்பெனிக்கு ஒரு அளவு வச்சிருந்தா மோட்டார் மாத்தும்போதெல்லாம் காடு முழுக்கப் பைப்பையும் தோண்டி மாத்தணும்.

என்னைப் போல ஆளுக்கு இதுல லாபம் என்னன்னா, பெரிய எடிட்டர் வாங்குற வசதி இல்லாத பழைய லேப்டாப்லயும் அதே மொழி அறிவு கிடைக்கும். என்கிட்ட இருக்கிறது 4 ஜிபி மெமரி உள்ள லேப்டாப், உபுண்டு 24.04. அதுல நான் வச்சிருக்கிற எடிட்டர் நியோவிம். நல்ல லேப்டாப்பும் விஎஸ் கோடும் வச்சிருக்கிறவங்க பைத்தான் எக்ஸ்டென்ஷனைப் போட்டாலே போதும். பைலான்ஸ்னு ஒண்ணு கூடவே வந்துரும், அதுக்குள்ள இருந்து ஓடுறது பைரைட்ங்கிற சர்வர்தான். நான் அதே பைரைட்டைத் தனியா எடுத்து நியோவிம்மோட கோத்துக்கிட்டேன்.

எப்படின்னு சொல்றேன். உபுண்டு 24.04-ல சாதாரணமா இன்ஸ்டால் பண்ணினா வர்ற நியோவிம் 0.9.5. அதுலயும் எல்எஸ்பி இருக்கு, 0.5-ல இருந்தே உள்ளேயே இருக்கு. ஆனா 2025 மார்ச்சுல வந்த 0.11-ல கோக்கிற வேலையை ரொம்ப எளிசாக்கிட்டாங்க. அதனால அவங்களோட ரிலீஸ் பக்கத்துல இருந்து புதுசை இறக்கிக்கிட்டேன்.

அடுத்தது பைரைட். பைத்தானோட பிப் மூலமாவே வாங்கலாம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. பைரைட் எழுதப்பட்டது டைப்ஸ்கிரிப்ட்ல, ஓடுறதுக்கு நோட் ஜேஎஸ் வேணும். பிப்ல வர்றது ஒரு உறை மாதிரி. முதல் தடவை ஓட்டும்போதுதான் அது உண்மையான பைரைட்டை இறக்கும், நோட் இல்லைன்னா அதையும் சேர்த்து இறக்கும். நெட் சரியில்லாத ஊர்ல இதைத் தெரிஞ்சுக்காம எடிட்டரைத் திறந்தா, சர்வர் வரும் வரும்னு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்க வீட்டு மொட்டை மாடியில தண்ணித் தொட்டிப் பக்கம் சிக்னல் நல்லா வரும். அங்க உட்கார்ந்து டெர்மினல்ல பைரைட்டை ஒரு தடவை ஓட்டி, எல்லாம் இறங்கி முடிஞ்சப்புறம்தான் கீழே வந்தேன். அதுக்கப்புறம் நெட்டே வேண்டாம். கொட்டகையில சிக்னல் இல்லாத இடத்துலயும் வேலை செய்யுது.

மூணாவது, நியோவிம்கிட்ட சொல்லணும். அதோட கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள எல்எஸ்பின்னு ஒரு ஃபோல்டர் போட்டு, பைரைட்ங்கிற பேர்ல ஒரு லூவா ஃபைல். அதுல மூணே தகவல். சர்வரைக் கிளப்புற கட்டளை என்ன, எந்த வகை ஃபைலுக்கு, புராஜெக்ட்டோட வேர் எதுன்னு கண்டுபிடிக்க என்ன அடையாளம். அப்புறம் முக்கிய கான்ஃபிக் ஃபைல்ல "பைரைட்டை எனேபிள் பண்ணு"ன்னு ஒரு வரி. கட்டளையில ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட் வழியாப் பேசுன்னு சொல்ற ஆப்ஷனை விட்டுடாதீங்க. அது இல்லாட்டி ரெண்டும் பேசிக்க வழி இருக்காது.

இந்த வேர் விஷயம் முக்கியம். பாகப்பத்திரத்துல நாலு எல்லை எழுதுற மாதிரிதான் இதுவும். எது வரைக்கும் நம்ம புராஜெக்ட்னு சர்வருக்குத் தெரியணும். தெரியலைன்னா திறந்து வச்சிருக்கிற ஃபைலைத் தாண்டி எதையும் முழுசாப் பார்க்காது. "இந்தப் பேர் வேற எங்க வருது?"ன்னு கேட்டா அஞ்சு ஃபைல்ல இருக்கிறதை விட்டுட்டு ஒண்ணை மட்டும் காட்டும். நாமளும் அவ்வளவுதான்னு நினைச்சுக்குவோம். அதனால தம்பியோட ஆறு ஃபைலும் இருக்கிற ஃபோல்டர்ல பைரைட்கான்ஃபிக் ஜேசன் ஃபைல் ஒண்ணை வச்சேன். அதுதான் எல்லைக்கல்.

அதே ஃபைல்ல இன்னொரு தகவலும் போட்டாகணும். தம்பி ரெண்டு வெளி லைப்ரரி பயன்படுத்தியிருக்கான். மோடத்தோட பேச பைசீரியல், ரிலேயை இயக்க ஜிபிஐஓ-ஜீரோ. கொட்டகை போர்டுல அது இருக்கு, என் லேப்டாப்ல இல்லை. அதனால முதல்ல திறந்ததும் அந்த இம்போர்ட் வரிகளுக்குக் கீழே எல்லாம் கோடு. லேப்டாப்ல ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு, ரெண்டையும் அதுல ஏத்தி, அந்த இடம் இதுதான்னு கான்ஃபிக்ல எழுதினதும் கோடு மறைஞ்சது. சர்வர் நல்லா ஓடுதான்னு தெரிஞ்சுக்க நியோவிம்ல செக்ஹெல்த்னு ஒரு கட்டளை இருக்கு. அதுல எல்எஸ்பி பகுதியைப் பார்த்தா, எந்த சர்வர் எந்த ஃபைலோட இணைஞ்சிருக்கு, வேர் ஃபோல்டர் எதுன்னு சொல்லும். வேர் சரியா இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

இனி கோடு.

தம்பி நம்ம பேச்சுலயே பேர் வச்சிருக்கான், இங்கிலீஷ் எழுத்துல. முறை, சுத்து, ஆளு, மணி. முதல்ல 6-ங்கிற எண் இருக்கிற பேரைக் கண்டுபிடிச்சேன், "முறை மணி". கர்சரை அது மேல வச்சு ஜி, ஆர், ஆர்னு மூணு கீ அழுத்தினா அது வர்ற இடமெல்லாம் வரிசையா வருது. நாலு ஃபைல்ல 11 இடம். எஸ்எம்எஸ் அனுப்புற ஃபைல்லயும் வருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. "உங்க முறை முடிய அரை மணி நேரம் இருக்கு"ன்னு சொல்றதுக்கு அங்கேயும் அந்த 6 வேணும் இல்லையா?

அடுத்தது "மணி". இது ஒரு நல்ல வேடிக்கை. தமிழ்ல "ஆறு மணி நேரம் ஓடுச்சு"ன்னாலும் மணிதான், "ஆறு மணிக்கு ஓடுச்சு"ன்னாலும் மணிதான். தம்பியும் அப்படியே எழுதியிருக்கான். ஒரு ஃபங்ஷன்ல மணின்னா எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கிறது. இன்னொரு ஃபங்ஷன்ல மணின்னா கடிகாரத்துல இப்ப என்ன நேரம்ங்கிறது. எஸ்எம்எஸ் வாசகத்துக்குள்ளயும் மணி வருது. சாதாரணமா "தேடி மாத்து"ன்னு கொடுத்திருந்தா மூணும் சேர்ந்து மாறியிருக்கும். சர்வர்கிட்ட ரீநேம் கேட்டா, கர்சர் எந்த மணி மேல இருக்கோ அந்த மணியை மட்டும் மாத்துது. பக்கத்து ஃபங்ஷன்ல இருக்கிற மணி வேற ஆளுன்னு அதுக்குத் தெரியும். மேற்கோளுக்குள்ள இருக்கிற வாசகத்தைத் தொடுறதே இல்லை. நேரத்தை "ஓட்டம்"னும், கடிகாரத்தை மணின்னும் பிரிச்சு வச்சேன். அதுக்கப்புறம்தான் கோடு எனக்கு ஒழுங்காப் படிக்க வந்துச்சு.

ஆனா சர்வருக்குத் தெரியாததும் இருக்கு. பேர் வச்ச விஷயத்தைத்தான் அது தேடும். வெறும் எண்ணா எழுதினதுக்கு அதால ஒண்ணும் பண்ண முடியாது. நாலு ஆள்ங்கிறதைத் தம்பி சில இடத்துல பேர் வச்சும், சில இடத்துல வெறும் 4-ன்னும் எழுதியிருந்தான். 4-ங்கிற எண்ணை எழுத்தாத் தேடினா 9 இடம் வந்துச்சு. அதுல மூணுதான் ஆள் கணக்கு. சிலது மோடம் பதிலுக்குக் காத்திருக்கிற நொடி. ஒண்ணு ரிலே மாட்டியிருக்கிற பின் நம்பர். அந்த இடத்துல இருக்கிற ஃபங்ஷன் பேர் மேல கர்சரை வச்சுப் பெரிய கே அழுத்தினா அது என்ன கேட்குதுன்னு சர்வர் காட்டும், "பின்"னு தெளிவா வந்துச்சு. எல்லா 4-ஐயும் 5 ஆக்கியிருந்தா ஆள் கணக்கு சரியாகியிருக்கும், மோட்டாரை நிறுத்துற ரிலே வேலை செஞ்சிருக்காது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடி, கிணறு வத்தி, வெறுமனே சுத்தி, காயில் எரிஞ்சிருக்கும். காயில் கட்டுற செலவு உங்கள்ல விவசாயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். செலவை விடுங்க, கட்டி வர்ற வரைக்கும் அஞ்சு வீட்டு வெங்காயமும் காயும்.

தமிழ் எழுத்து பத்தி ஒரு சின்ன விஷயம், தமிழ்ல கோடு எழுதுறவங்களுக்குப் பிடிக்கும். சர்வரும் எடிட்டரும் இடத்தைக் குறிக்கிறது "இத்தனாவது வரி, அதுல இத்தனாவது எழுத்து"ன்னு, ரெண்டையும் 0-ல இருந்து எண்ணும். எழுத்தை எப்படி எண்ணுறதுன்னு ஒரு ஒப்பந்தம் வேணும். எல்எஸ்பியில வழக்கமா யூடிஎஃப்-16 கணக்கு. "நெல்"னு எழுதினா நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளின்னு நாலு. யூடிஎஃப்-16-ல அது 4, ஃபைல்ல சேமிக்கிற யூடிஎஃப்-8-ல 12 பைட். ஒரே வரியில தமிழ் வாசகமும் அதுக்கப்புறம் கோடும் வந்தா, கணக்குத் தெரியாத எடிட்டர் தப்பான இடத்துல கோடு போடும். நியோவிம் இதைச் சரியாவே மாத்திக்குது, தமிழ் வாசகம் இருக்கிற வரியிலயும் கோடு இடம் மாறாம விழுந்துச்சு. 2022-ல வந்த 3.17 பதிப்புல இருந்து, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா யூடிஎஃப்-8-லயே எண்ணலாம்னும் வழி செஞ்சுட்டாங்க. எஸ்எம்எஸ்லயும் இதே எண்ணிக்கைதான். இங்கிலீஷ்ல 160 எழுத்து போகிற இடத்துல தமிழ்ல 70 தான், அதுல புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணப்படும். தம்பி ஏன் எஸ்எம்எஸ்ஸை அவ்வளவு சுருக்கமா எழுதியிருக்கான்னு இப்பத்தான் புரிஞ்சது.

இவ்வளவும் பார்த்து முடிச்சு, எந்த எந்த இடத்தை மாத்தணும்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டேன். ஆனா என்னன்னு மாத்தணும்? 6-ஐப் பாதியாக்கி 3, 3-ன்னு போட்டாப் போதும்னுதான் எல்லாருமே நினைச்சோம். கிணத்து மேட்டுல உட்கார்ந்து பேசும்போது பெரியண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "வாய்க்கால் நனையுற நேரத்தை யார் கணக்குல எழுதுவீங்க?"

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லணும். எங்களது மண் வாய்க்கால். மோட்டார் போட்ட உடனே தண்ணி காட்டுக்கு வராது. காஞ்ச வாய்க்கால் முதல்ல தான் குடிக்கும். பெரியப்பா காடு கிணத்துல இருந்து தூரம், அரை மணி நேரம் வாய்க்காலே குடிச்சுரும். 6 மணி நேரத்துல அரை மணி நேரம் போனா பன்னெண்டுல ஒரு பங்கு. 3 மணி நேரத்துல அரை மணி நேரம் போனா ஆறுல ஒரு பங்கு. பேப்பர்ல சரிபாதி, காட்டுல ரெண்டு பேருக்குமே நஷ்டம். ஒரு சுத்து அண்ணனுக்கு, ஒரு சுத்து தம்பிக்குன்னு முழு 6 மணி நேரம் வைக்கலாமான்னு சித்தப்பா கேட்டார். வெயில் காலத்துல வெங்காயம் ரெண்டு சுத்து தாங்காதுன்னு பெரியண்ணன் சொன்னார். திருப்பூர்ல இருந்து போன்ல சின்னண்ணன், "அப்ப குத்தகைக்காரர் என்ன பண்ணுவார்?"னு கேட்டார். குரல் கொஞ்சம் ஏற ஆரம்பிச்சது. அவங்கப்பா போய் ஒரு மாசம் ஆகலை.

அதுவரைக்கும் பேசாம உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் சொன்னாங்க. "வாய்க்கால் ஒரு தடவை நனைஞ்சாப் போதாதாடா? ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் பாய்ச்சுங்க. முதல்ல பாய்ச்சுறவன் சுத்துக்குச் சுத்து மாறட்டும்." ரெண்டு காடும் ஒரே வாய்க்கால்ல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. முதல் ஆள் வாய்க்காலை நனைச்சுக் கொடுப்பார், ரெண்டாவது ஆளுக்கு உடனே தண்ணி ஏறும். அடுத்த சுத்துல மாறிக்குவாங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை நஷ்டம் ரெண்டு பேருக்கும் சமம். நாப்பது வருஷம் அந்த வாய்க்காலை மம்பட்டியோட காத்த அவங்களுக்குத்தான் அது தோணுச்சு.

இதுல கோடு ரெண்டு விதமா மாறணும். ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே 6-ங்கிறது போய், ஆளுக்கு ஒரு எண்ணுள்ள அட்டவணை வரணும், 6, 6, 6, 3, 3. ரெண்டாவது, ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் கடைசி ரெண்டு ஆள் இடம் மாறணும். கரண்ட் போய் போர்டு அணைஞ்சு எழுந்தாலும் இது எந்த வரிசைன்னு மறக்கக் கூடாது, அதனால அதை ஃபைல்ல எழுதி வைக்கணும். நோட்டுல குறிச்ச 11 இடத்துக்கும் ஒண்ணொண்ணாப் போய் மாத்தினேன். அட்டவணையில இருந்து ஆளோட எண்ணை எடுக்கிற இடத்துல சர்வர் ஒரு கோடு போட்டுச்சு. அந்தப் பேர் அட்டவணையில இல்லைன்னா வெறுமைதான் கிடைக்கும், வெறுமையில இருந்து கழிக்க முடியாதுங்கிறது அது சொன்னது. நியாயம்தானே? நாளைக்கு இன்னொரு பாகம் பிரியலாம், பேர் மாறலாம். அட்டவணையில இல்லாத பேர் வந்தா மோட்டாரைக் கிளப்பாம எனக்கு எஸ்எம்எஸ் அனுப்புன்னு ஒரு வழி வச்சேன்.

"இதுக்கெல்லாம் ஏஐகிட்ட கொடுத்தா அஞ்சு நிமிஷம்"னு நீங்க சொல்றது கேக்குது. தாராளமாக் கொடுக்கலாம், நெட் இருந்தா. நான் சொல்ல வர்றது வேற. இந்த சர்வர் எதையும் ஊகிக்கிறது கிடையாது. என் லேப்டாப்ல இருக்கிற ஆறு ஃபைலைப் படிச்சுட்டு இருக்கிறதை இருக்குன்னு சொல்லுது. யார் எழுதிக் கொடுத்தாலும், அதை ஓட்டுறதுக்கு முன்னாடி எது எங்க தொடுதுன்னு நானே பார்த்துக்கிட முடியுது. அஞ்சு குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான். "மெஷின் அப்படித்தான் சொல்லுச்சு"ன்னு கிணத்து மேட்டுல சொல்ல முடியாது.

புது புரோகிராமைப் போர்டுல ஏத்தி ரெண்டு சுத்து கூடவே இருந்து பார்த்தோம். பழையபடி கரியை எடுத்துச் சுவத்துலயும் எழுதினோம், பெரியண்ணன் ஒரு பக்கம், குத்தகைக்காரர் ஒரு பக்கம். முதல் சுத்துல பெரியண்ணன் முன்னாடி, ரெண்டாவதுல குத்தகைக்காரர் முன்னாடி. நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. சுவத்துக் கணக்கும் எஸ்எம்எஸ் கணக்கும் ஒத்துப்போச்சு. சின்னண்ணனுக்கும் எஸ்எம்எஸ் போகிற மாதிரி வச்சுட்டேன், திருப்பூர்ல இருந்தாலும் தன் காட்டுல தண்ணி பாயுறது அவருக்குத் தெரியணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்கள்ல நிறையப் பேர் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வரும்போது அப்பாவுக்காகவோ சித்தப்பாவுக்காகவோ இப்படி ஏதாவது செஞ்சு கொடுத்துட்டுப் போறீங்க. பால் கணக்கு, கோயில் வரி கணக்கு, மோட்டார் ஆன் ஆஃப். நல்ல காரியம். போகும்போது மூணு விஷயம் மட்டும் வச்சுட்டுப் போங்க. எந்த லைப்ரரி வேணும்னு ஒரு சின்ன பட்டியல் ஃபைல். புராஜெக்ட்டோட வேர் தெரியுற மாதிரி ஒரு கான்ஃபிக் ஃபைல். வெறும் எண்ணா எழுதாம ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். இது மூணும் இருந்தா, ஊர்ல பத்தாவது படிச்ச ஒரு பிள்ளைகூடப் பழைய லேப்டாப்ல லாங்குவேஜ் சர்வரைக் கோத்து, நீங்க எழுதினதைப் படிச்சுக்கும். உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் வராது.

பைரைட்டோ நியோவிம்மோ கோக்கும்போது எங்கேயாவது மாட்டிக்கிட்டா எழுதுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். வெங்காயம் இப்ப முப்பதாவது நாள். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை வாக்குல வரும், அதுக்குள்ள ரெண்டாவது களை எடுத்தாகணும்.